வீடு கட்டும் முன் பக்கத்து வீட்டாரோடு பேசுங்கள்

சேலத்தில் வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சதுர அடி ரேட். அடுத்தது, எந்தக் கம்பெனி சிமெண்ட் போடலாம் என்பது. மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும், அஸ்திவாரத்துக்குத் தோண்டுகிற மண்ணை என்ன செய்வது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கட்டி முடித்துப் பால் காய்ச்சி முதல் சித்திரை வந்ததும், "மாடி ரூம்ல படுக்கவே முடியலங்க, ஏசி போட்டாத்தான் ஆகும்போல" என்று போன் வரும். இந்த ஊரிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் கட்டட வேலை பார்க்கிற பொறியாளராக ஒன்று சொல்கிறேன். வெயிலைத் தாங்குகிற, கரியமில வாயுவைக் குறைவாக வெளியேற்றுகிற, செலவும் கையை மீறாத வீட்டுக்கு வேண்டியதெல்லாம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் தனி ஆளாகப் போய்க் கேட்டால் அதில் பாதி கிடைக்காது, பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

முதலில் சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுட்டால்தான் அதற்கான கிளிங்கர் என்கிற கட்டி உருவாகும், அதை அரைத்ததுதான் சிமெண்ட். எரிக்கிற நிலக்கரியின் புகை ஒரு பக்கம் இருக்க, அதைவிட அதிகமாக அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது, சங்ககிரிக் கல்லானாலும் அரியலூர்க் கல்லானாலும் இதுதான். ஒரு மூட்டை ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டுக்கு ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை போகும், ஆக 16 டன். பிபிசி என்கிற கலப்பு சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பதால், வீடு முழுக்க அதையே போட்டால் இதில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். பூச்சு வேலைக்குக்கூட 53 கிரேடு ஓபிசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்பதில்லை, அந்த அளவு பலம் பூச்சுக்குத் தேவையே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பிபிசி மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், 10 நாளாவது விடாமல் தண்ணீர் விட வேண்டும்.

அப்புறம் செங்கல். விறகு போட்டுச் சுடும் சூளைக் கல்லுக்குப் பதிலாக மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லை வாங்கலாம். இதனால் நிலக்கரி எரிப்பது சரி என்று ஆகிவிடாது, ஆனால் ஏற்கெனவே மலையாகக் குவிந்து காற்றில் பறந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் நெஞ்சுக்குள் போகிற சாம்பல் ஒரு சுவருக்குள் அடங்கினால் நல்லதுதானே. தரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கல்லை நன்றாகக் காயவைத்து எடை பாருங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து மறுபடி எடை பாருங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அந்த லோடு வேண்டாம். ஒற்றை வீட்டுக்காரர் இதைச் சொன்னால் "எடுத்தா எடுங்க" என்பார்கள். பத்து வீட்டுக்கு மொத்தமாக ஆர்டர் தருகிறோம், பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்த சான்றோடு வாருங்கள் என்றால் பேச்சே மாறிவிடும்.

நான் அதிகம் போராடுவது மேஸ்திரிகளிடம்தான், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று இருக்கிறது, கல்லைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, 9 அங்குலச் சுவருக்கு நடுவே காற்று நிற்க இடம் விட்டுக் கட்டுவார்கள், கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் மிச்சம், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. மேஸ்திரியிடம் வரைந்து காட்டினால் அவர் பார்த்துவிட்டு, "சார், இதுல மொத சுவரு எழும்பறதுக்குள்ள ரெண்டு மடங்கு நாளாயிரும், ஆளுங்களுக்குக் கூலி யாரு குடுப்பா?" என்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுப்பவர் வேறென்ன சொல்வார்? ஒரு வீட்டுக்காக அவர் புதுசாகப் பழகினால் அந்த நட்டம் முழுக்க அவர் தலையில்தான். அதே தெருவில் வரிசையாக ஆறேழு வீடு அவருக்கே வரும் என்றால் முதல் வீட்டில் கை பழகிவிடும், மூன்றாவது வீட்டில் வேகம் வந்துவிடும், அந்த முதல் வீட்டின் கூடுதல் கூலியையும் எல்லாரும் பிரித்துக்கொள்ளலாம். நான் சேர்ந்து கட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

மண் கல்லும் இப்படித்தான். ஓமலூர், வாழப்பாடிப் பக்கத்துச் செம்மண்ணில் பல இடத்தில் அழுத்து இயந்திரத்தால் கல் அடிக்கலாம். சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஓர் அடி ஆழத்துக்குக் கீழேயிருந்து எடுத்த மண்ணைக் கால் பாட்டில் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி அசைக்காமல் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்திலேயே அடியில் தங்கும், வண்டல் அதற்கு மேல் படியும், களி மறுநாள் வரை கலங்கலாக நின்று கடைசியில் மெல்லிய பட்டையாக உட்காரும். பாதிக்கு மேல் மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண், ஆரோவில்லின் மண் கட்டட மையமும் ஏறக்குறைய இந்த அளவைத்தான் சொல்கிறது. அதில் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தினால் சுடாமலே கல் தயார். கரிசல் மண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இயந்திரத்தை ஒரு வீட்டுக்காக வாங்குவது வீண், ஒரு மகளிர் சுய உதவிக் குழு வாங்கி ஊர் ஊராக வாடகைக்கு விட்டால் அவர்களுக்கும் வருமானம்.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் குழித்தறி (தரையில் குழி தோண்டி அமைக்கிற கைத்தறி) உள்ள வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மண் தரையின் ஈரப்பதம் இருந்தால்தான் பருத்தி இழை அறாமல் ஓடும். அந்த வீட்டை இடித்துத் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டியதும் வெக்கையும் வறட்சியும் சேர்ந்து தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் அறுந்துபோக ஆரம்பிக்கிறது, தொழிலே அடிபடுகிறது. அங்கே வேலை செய்கிற அறையை மட்டுமாவது ஓட்டுக் கூரையோடு விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தளம் போட்டே ஆக வேண்டுமென்றால், இடித்த வீட்டின் ஓடுகளைத் தூக்கி எறியாமல் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தளத்தின் அடிப்பகுதியில் பதித்துக் கான்கிரீட் போடலாம், அந்த இடத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால் பலம் கெடாது, ஆனால் கம்பிக் கணக்கை ஒரு பொறியாளர் போட்டுத் தர வேண்டும். ஏற்கெனவே தளம் போட்ட வீடுகளில் பங்குனிக்கு முன் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே இரண்டு மூன்று டிகிரி குறையும். தெருவே சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

ஏற்காட்டில் கதை வேறு. கீழேயிருந்து செங்கல்லும் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும், வாடகையும் டீசலும் ஏற ஏற விலை எங்கேயோ போய்விடும். மலையாளி பழங்குடி மக்கள் மூங்கில் தப்பையில் மண் பூசி, புல் வேய்ந்து, ஊரே கூடிக் கட்டிய வீடுகளில் குளிர் தெரியாது. இப்போது கட்டுகிற மெல்லிய கான்கிரீட் வீடுகளில் மார்கழியில் சுவரில் கை வைத்தால் ஜில்லென்று ஈரம் ஒட்டுகிறது. பழைய குடிசைக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை, தீயும் கரையானும் என்ன செய்யும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அங்கேயே கிடைக்கும் கல்லில் அடிச்சுவர், அதற்கு மேல் மண் கல், நீளமாக இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம் என்று கட்டினால் லாரி நடை பாதியாகக் குறையும். சரிவை வெட்டி மனை சமப்படுத்துவதை மட்டும் கூடிய மட்டும் தவிருங்கள், மழையில் முதலில் சரிவது அந்த வெட்டுதான்.

2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். ஓர் ஊராட்சியில் இப்படி ஒரே சமயத்தில் பல வீடுகள் கட்டும்போதுதான் மொத்தக் கொள்முதலும் பொது மேஸ்திரியும் சாத்தியம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடியரசு தினக் கூட்டத்தில் பயனாளிகள் எல்லாரும் ஒன்றாக எழுந்து, மண் கல்லும் சாம்பல் கல்லும் எங்கள் வீடுகளுக்கு ஏற்கப்படுமா, ஒன்றிய பொறியாளர் வந்து பார்ப்பாரா என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். மாசியில் மண் சோதனையை முடித்து, பங்குனியில் கல் அடித்து, நிழலில் 28 நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தால், வைகாசியில் சுவர் எழும்பி ஆவணி மழைக்கு முன் கூரை ஏறிவிடும்.