அணைந்த விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள்

"சார், விளக்கு அணைஞ்சிடுச்சு. கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்திக்கட்டுமா?"

கடலூரில் இருபது வருடங்களுக்கு மேலாக வேதியியல் நடத்துகிறேன். ஆய்வகத்தில் என்னைப் பதற வைக்கும் கேள்வி இதுதான். அமிலம் என்றால் பிள்ளைகள் தாமாகவே விலகி நிற்பார்கள். ஸ்பிரிட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை. ஊசி போடும் முன் நர்ஸம்மா பஞ்சில் தொட்டுத் தேய்ப்பதுதானே என்ற நினைப்பு.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஜன்னலோர மேசையில் சாராய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் நேரம். ஸ்பிரிட் தீரும் தறுவாயில் சுடர் சிறுத்துவிட்டது. அணைந்துவிட்டதென்று நினைத்த மாணவன் திரியோடு மூடியைத் தூக்கிவிட்டு அரை லிட்டர் பாட்டிலைச் சாய்த்தான். ஆல்கஹாலின் வெளிர்நீலச் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. பாட்டில் வாயிலிருந்து நெருப்பு சீறிப் பாய்ந்து, எதிரே நின்ற பையனின் சட்டையைப் பிடித்தது. ஊற்றியவனுக்குக் காயமில்லை. வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் மார்பும் கழுத்தும் வெந்துபோயின. அந்தப் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் நான்.

ஏன் இப்படிச் சீறுகிறது? ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால், தீப்பற்றத் தேவையான ஆவியை ஏறத்தாழ 13 டிகிரியிலேயே வெளிவிடத் தொடங்கிவிடும். நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட அந்த அளவுக்குக் குளிராது. காற்றில் எத்தனால் ஆவி சுமார் 3 முதல் 19 சதவீதம் இருந்தால் பற்றும். 30 டிகிரி வெப்பத்தில் மூடிய பாட்டிலுக்குள் திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி ஏறத்தாழ 10 சதவீதம். அதாவது, நம் ஆய்வகத்தில் பாதி காலியான ஸ்பிரிட் பாட்டில் எப்போதும் பற்றுவதற்குத் தயாரான நிலையில்தான் இருக்கிறது. உள்ளே ஆவி பற்றி விரியும்போது, மிச்சத் திரவத்தைக் குறுகிய வாய் வழியே பீய்ச்சித் தள்ளுகிறது.

2014-ல் அமெரிக்காவின் டென்வரில் ஒரு பள்ளியில், எரியும் மெத்தனாலில் (எத்தனாலைப் போன்றே தீப்பற்றும் இன்னொரு ஆல்கஹால், ஆனால் விஷம்) மேலும் ஊற்றியபோது இதேதான் நடந்தது. சிறிதளவு போதுமான இடத்துக்குப் பெரிய பாட்டிலைக் கொண்டுவராதீர்கள் என்று அந்நாட்டு வேதிப்பாதுகாப்பு வாரியம் அதே ஆண்டு அறிவுறுத்தியது.

இதற்காக ஸ்பிரிட் விளக்கால் தண்ணீரைச் சூடாக்கிப் பார்க்கும் சோதனையையே நிறுத்திவிட்ட பள்ளிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கை எடை போட்டு, 100 மில்லி தண்ணீரை 20 டிகிரி உயரும்வரை சூடாக்கி, மறுபடி எடை போடச் சொல்வேன். தண்ணீர் வாங்கிய வெப்பம் 8.4 கிலோஜூல். ஒரு கிராம் எத்தனால் எரிந்தால் கிட்டத்தட்ட 30 கிலோஜூல் வர வேண்டும். கணக்குப்படி 0.28 கிராம் போதும். பிள்ளைகளுக்கோ அரை கிராமுக்கு மேல் செலவாகியிருக்கும். மிச்ச வெப்பம் எங்கே போனது? பீக்கரைச் சூடாக்கியது எவ்வளவு, ஜன்னல் வழி வந்த கடற்காற்று கொண்டுபோனது எவ்வளவு? அட்டையால் மறைப்பு கட்டி மறுபடி செய்து பார்ப்பார்கள். எந்தப் பாடப்புத்தகமும் அந்த ஆர்வத்தைத் தந்துவிடாது.

ஆகவே மாற்ற வேண்டியது பாட்டில் இருக்கும் இடத்தை. வகுப்பு தொடங்கும் முன்பே விளக்குகளில் முக்கால் பங்குக்கு மிகாமல் நிரப்பி, சிந்தியதைத் துடைத்து, பாட்டிலைப் பூட்டிவிட வேண்டும். ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, மேசை மேலேயே தவழ்ந்து பக்கத்துச் சுடரை எட்டும். அதனால் விளக்குகளுக்கிடையே இடம் விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சுடரை வாயால் ஊதாமல் மூடியால் மூடி அணையுங்கள். துப்பட்டாவையும் கூந்தலையும் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஆய்வக ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது அந்த மெத்தனால்தான்.

உடையில் பற்றிவிட்டால் ஓடவிடாதீர்கள், தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். தீ அணைந்ததும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் காட்டுங்கள். அன்று அந்தப் பையனின் கழுத்தில் யாரோ பேனா மையை ஊற்றிவிட்டார்கள். காயத்தின் ஆழம் தெரியாமல் மருத்துவர் முதலில் அந்த மையைத்தான் கழுவ வேண்டியிருந்தது. பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இப்போது எங்கள் ஸ்பிரிட் பாட்டில் வராண்டாவுக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறையில் இருக்கிறது. பாதியில் விளக்கு அணைந்ததென்று யாராவது கை தூக்கினால், முன்பே நிரப்பி வைத்த வேறொரு விளக்கை எடுத்துக் கொடுக்கிறேன்.