பிஎம்ஐ நார்மல், அதனால் சுகர் வராதா?

“பிஎம்ஐ நார்மல்னு போட்டிருக்காங்களே டாக்டர், அப்புறம் எப்படி சுகர் வரும்?”

இந்த மாதமும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் சென்னை ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்ப்பவர், வயது 38. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 64 கிலோ, உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்ணான பிஎம்ஐ 22.7. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1, அதாவது சர்க்கரை நோய். கம்பெனி செக்கப் ரிப்போர்ட்டில் பிஎம்ஐக்கு எதிரே பச்சை, சர்க்கரைக்கு எதிரே சிவப்பு. அவர் பச்சையை நம்பிவிட்டார். லேப்தான் சொதப்பிவிட்டது என்று பல மாதம் சும்மா இருந்திருக்கிறார். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். அதை அன்றுவரை ஒருவரும் அளந்ததில்லை.

பிஎம்ஐ கணக்கு எப்படி என்று விளக்கப்போவதில்லை, போனே போட்டுக் கொடுத்துவிடும். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் அடால்ஃப் கெட்லே என்பவர் கண்டுபிடித்த கணக்கு இது. அவர் மருத்துவரே இல்லை. வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர், மக்கள்கூட்டத்தின் சராசரி உடலமைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தவர். 1972-ல்தான் ஆன்சல் கீஸ் குழுவினர் அதற்குப் பாடி மாஸ் இண்டெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கல்யாண சமையல்காரர் தலைக்கு இவ்வளவு அரிசி என்று கணக்குப் போடுகிறார். ஐந்நூறு பேர் பந்திக்கு அது சரியாகவே வரும். அதை வைத்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமா எவ்வளவு சாப்பிடுவார் என்று சொல்ல முடியுமா?

எடை மெஷினுக்கு எலும்பும் தெரியாது, தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. மொத்தமாக 64 என்று காட்டும், அவ்வளவுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்களுக்கு ஏற மாட்டேன் என்கிறது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் சொந்தப் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பின் கதை அந்த ஒரே படத்தில் இருக்கிறது. கை கால் ஒல்லி, நடுவில் தொப்பை. அந்தத் தொப்பைக்குள் கல்லீரலைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் வில்லன். அதைப் பிஎம்ஐ பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. பல ரிப்போர்ட்களில் இன்னமும் 25 வரை நார்மல் என்று அச்சடிக்கிறார்கள். இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 23 என்றால் சுமார் 65 கிலோ, 25 என்றால் எழுபதரை. நடுவில் இருக்கும் அந்த ஐந்து கிலோவில்தான் பாதிப் பேர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இடுப்பை அளக்கச் சொன்னால் என்ன பதில் வருகிறது? “முப்பத்திநாலு டாக்டர், காலேஜ்லேர்ந்து அதே சைஸ்.” ஐயா, அது பேன்ட் சைஸ். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. பெண்கள் பாவாடை நாடா கட்டும் இடத்தை அளந்துவிட்டு வருகிறார்கள், அதுவும் செல்லாது. தையல் டேப் ஒன்று எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளவெடுங்கள். வயிற்றை எக்காதீர்கள், ஏமாறப்போவது நான் இல்லை. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டுவிட்டால் பிஎம்ஐ என்ன சொன்னாலும் ரத்தப் பரிசோதனை உண்டு.

நம் சென்னையிலேயே, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த, சர்க்கரை அபாயத்தைக் கணிக்கும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இந்த நான்குதான் கேள்வி. நூற்றுக்கு 60 வந்தாலே அபாயம் அதிகம். மேலே சொன்ன ஓஎம்ஆர்காரருக்குப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது என்பதற்கு 30, பெற்றோர் இருவருக்கும் 20. ஆக 80! ஊசி குத்தாமல், பைசா செலவில்லாமல், ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது இது.

அதற்காகப் பிஎம்ஐயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 33 வைத்துக்கொண்டு “எனக்கு எலும்பு வெயிட்டு” என்று சொல்கிறவர்களிடம் எனக்கு இன்னும் பொறுமை குறைவு. ஜிம்மில் தசை ஏற்றி 26-ஐத் தொட்ட பையன் பயப்பட வேண்டாம், அவனுடைய இடுப்பளவே பதில் சொல்லிவிடும். ஆனால் அப்படிப்பட்டவர்கள் என் கிளினிக்குக்கு வருவது அபூர்வம். தங்களை அப்படி நினைத்துக்கொள்பவர்கள்தான் நிறைய வருகிறார்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். “அம்மா இளைச்சு, பிஎம்ஐ கரெக்டா வந்துடுச்சு” என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். டயட் எதுவும் இல்லாமல் எடை இறங்கினால் அது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம். வெறும் தசை கரைவாகவும் இருக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே கூட்டி வாருங்கள்.

கர்ப்பிணிகள் இந்தக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வயதும் பாலினமும் பார்த்துத் தனி வளர்ச்சி அட்டவணை உண்டு, ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் 23-ஐப் பொருத்தி அதன் தட்டிலிருந்து இட்லியை எடுக்காதீர்கள். மற்றவர்கள், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி “நார்மல்தானே?” என்று கேட்பதற்கு முன்னால், இடுப்பளவையும் வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.