பாஸ்வேர்டைச் சொல்லாமலே நிரூபிக்கும் வைஃபை

"ரவுட்டரில் மேக் ஃபில்டர் போட்டுவிட்டேன். இனி பாஸ்வேர்டு எளிதாக இருந்தாலும் பரவாயில்லையா?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் அடையாளமாக இருக்கும் 48 பிட் எண். பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டுமே ஃபில்டர் பார்க்கும். ஆனால் வைஃபையில் தரவுதான் மறையாக்கம் ஆகிறது. முகவரி ஒவ்வொரு ஃப்ரேமின் (தரவுப் பொட்டலத்தின்) தலைப்பிலும் வெளிப்படையாகவே போகிறது. மானிட்டர் மோடு (சுற்றிலும் போகும் வைஃபை செய்திகளை எல்லாம் ஒட்டுக்கேட்கும் வசதி) உள்ள அடாப்டர் இருந்தால் அதைப் பார்த்து நகலெடுத்துவிடலாம். போதாக்குறைக்கு, இன்றைய போன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு போலி முகவரி காட்டுகின்றன (அதன் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்). பெட்டியில் அச்சிட்ட முகவரியைப் பட்டியலில் சேர்த்தால் சொந்தப் போனே வெளியே நிற்கும்.

உண்மையான காவல், டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் ஃபோர்-வே ஹேண்ட்ஷேக், அதாவது இணையும்போது நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றம். அழகான ஏற்பாடு அது. பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து, 256 பிட் சாவியை இரு பக்கமும் தனித்தனியே தயாரித்துக்கொள்கின்றன. ஆக்சஸ் பாயின்ட் (வீட்டில் ரவுட்டர்தான்) ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. போன் தானும் ஒரு எண்ணை உருவாக்கி, சாவி, இரண்டு எண்கள், இரண்டு மேக் முகவரிகள் எல்லாவற்றையும் கலந்து அந்த இணைப்புக்கு மட்டுமான புதுச் சாவி செய்கிறது. பிறகு தன் எண்ணையும், புதுச் சாவியால் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புக் குறியையும் அனுப்புகிறது. ஆக்சஸ் பாயின்ட் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். குறி பொருந்தினால் போனுக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்று அர்த்தம். மூன்றாவது செய்தியில் ஆக்சஸ் பாயின்டும் தன் குறியைக் காட்டியாக வேண்டும். பெயரை மட்டும் காப்பியடித்த போலி இங்கே மாட்டிக்கொள்ளும். நான்காவது, ஒப்புகை. அதுவரை இந்தச் செய்திகளைத் தவிர போன் அனுப்பும் வேறெந்தத் தரவும் உள்ளே போகாது. பாஸ்வேர்டு ஒருமுறைகூடக் காற்றில் ஏறவில்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு செய்திகளைப் பதிவு செய்தவர், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஊகித்துப் பார்க்கலாம். மொபைல் எண்ணைப் பாஸ்வேர்டாக வைப்பவர்கள் கவனிக்க: 6 முதல் 9 வரை தொடங்கும் பத்திலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் ஊகம் சோதிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேலை.

நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்தான். இணையும்போது போனே அந்தப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

2018-இல் வந்த டபிள்யூபிஏ3-இல் பதிவு செய்துவைத்து ஊகிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆக்சஸ் பாயின்டோடு நேரடியாகப் பேச வேண்டும். ஆனால் பழைய பிரின்டருக்காக டபிள்யூபிஏ2/3 கலப்பு மோடில் விட்டால், டபிள்யூபிஏ2-இல் இணையும் கருவி வழியே பழைய ஓட்டை அப்படியே இருக்கும். பிரின்டருக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டில் தனி டபிள்யூபிஏ2 நெட்வொர்க் கொடுத்துவிட்டு, முதன்மை நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3-இல் மட்டும் வையுங்கள்.