ஆத்தும சோதனையா, ஆன்ம ஆய்வா? – சொல் விளக்கம்

மலேசியாவின் கூலிம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உள்ள கத்தோலிக்கக் கோவில்களில் பழைய செபப் புத்தகத்தோடு வரும் பாட்டிமார் ‘ஆத்தும சோதனை’ என்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கேட்பது ‘ஆன்ம ஆய்வு’. பழக்கம் ஒன்றுதான். நாள் முடியும் நேரத்தில் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து, விடிந்தது முதல் நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. பெயர் மாறியது நல்லதற்கே.

‘சோதனை’ வடமொழியிலிருந்து வந்தது. மூலத்தில் அதற்குத் தூய்மைப்படுத்துதல், அழுக்கு எங்கே என்று பார்த்து நீக்குதல் என்று பொருள். பழைய மறைக்கல்வி நூல்கள் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) வேண்டிய ஐந்து காரியங்களில் இதை முதலாவதாக வைத்தபோது, அந்தப் பொருள் சரியாகவே பொருந்தியது. இன்று அந்தச் சொல் வேறு இடங்களுக்குப் போய்விட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குச் சோதனை என்றால் தேர்வுப் புள்ளி. சாலையில் போகிறவருக்குப் போலீஸ் தடுப்பு. ‘எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்’ என்று கர்த்தர் கற்பித்த செபத்தில் சொல்லும்போதோ பாவத்துக்கு இழுக்கும் கவர்ச்சி. இந்த மூன்றும் மனத்தில் இருக்க ‘ஆத்தும சோதனை செய்’ என்றால், பிள்ளை தனக்குத்தானே புள்ளி குறைத்துக்கொண்டு, பிடிபட்ட முகத்தோடு படுக்கப் போகிறது. அந்தப் பயம் இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது.

இலத்தீன் மூலச்சொல் ‘எக்ஸாமென்’. அதற்குத் தராசின் நடுவில் நிற்கும் முள் என்று ஒரு பொருள் உண்டு. எடை பார்த்தல், ஆராய்தல் என்ற பொருள்களெல்லாம் அதிலிருந்து விரிந்தவை. ‘சீர்தூக்கிப் பார்’ என்று தமிழிலும் அதே தராசைத்தான் சொல்கிறோம். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாளியில் வரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழை நாளில் எடை ஏறும், ரப்பர் ஏறாது. அதனால்தான் எடையோடு நிறுத்தாமல் பாலின் கெட்டியையும் பார்க்கிறார்கள். எத்தனை செபமாலை சொன்னோம் என்பது எடை. அதற்குள் எவ்வளவு அன்பு இருந்தது என்று பார்ப்பது எக்ஸாமென்.

‘ஆய்வு’ என்ற சொல்லில் இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஆய் என்பது தமிழ் வினை. வீட்டில் கீரை ஆய்கிறோம். ஆய்பவர் அழுகலை மட்டும் தேடுவதில்லை. நல்ல இலையை முதலில் கையில் எடுக்கிறார், பழுத்ததைக் கிள்ளிப் போடுகிறார், குழம்புக்குப் போவது நல்லதுதான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த ஐந்து படிகளும் இதே வரிசையில் போகின்றன.

முதலில் நன்றி. இரண்டு மூன்று நன்மைகளைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்பது கணக்கில் சேராது. அடுத்து, என் பாவங்களை நான் அறிந்து விலக்க ஒளி தாரும் என்று கேட்பது. இதைத் தாண்டிப் போகிறவர்கள் தங்கள் கண்ணால் மட்டும் பார்க்கிறார்கள், பாதி தெரியாது. மூன்றாவது, முடிந்த நாளை மணி மணியாகப் பார்ப்பது: பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), வேலை, கடை, வீடு, கைப்பேசி. திருப்பலியில் சொல்லும் ‘சிந்தனையாலும், சொல்லாலும், செயலாலும், கடமையில் தவறியதாலும்’ என்ற நான்கையும் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். அந்த நாலாவதைத்தான் நாம் அதிகம் விடுகிறோம். நோயாளியைப் பார்க்கப் போகாதது, சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொல்லாதது. நான்காவது மன்னிப்பு கேட்பது. ஐந்தாவது, மறுநாளுக்கு ஒரு தீர்மானம், பிறகு ஒரு கர்த்தர் கற்பித்த செபம். மொத்தம் 10 முதல் 15 நிமிடம் போதும்.

தீர்மானத்தில்தான் பெரும்பாலும் கோணலாகிறது. ‘இனி நல்லவனாக இருப்பேன்’ என்பதை மறுநாள் யாராலும் சரிபார்க்க முடியாது. ‘காலையில் மாமியார் கேட்கும்போது சிடுசிடுக்காமல் பதில் சொல்வேன்’ என்பது நிற்கும். ஒரே குறை விடாமல் தொல்லை கொடுத்தால் இஞ்ஞாசியாரிடம் அதற்குத் தனி வழி உண்டு. எழுந்தவுடன் அந்த ஒன்றுக்கு எதிராக உறுதி எடுப்பது, மதியமும் இரவும் எத்தனை முறை விழுந்தோம் என்று புள்ளி வைப்பது, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடுவது. செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) எழுதியவர் கைக்கு இது உடனே பழகிவிடும்.

படுக்கையில் சாய்ந்தபடி செய்தால் தூக்கம் வரும், உட்கார்ந்து செய்ய வேண்டும். நாலு மணிக்கு எழுந்து பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுபவர் இரவு பத்துக்கு இதைத் தொடங்குவது வீண், பால் நிறுத்துக் குளித்த பிறகு மதியத்தில் செய்யலாம். செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை செய்பவருக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததுதான் நாளின் முடிவு. இன்னொரு தவறு, கணவன் அல்லது மனைவியின் நாளை ஆய்வது. பாவமல்லாததையும் பாவமென்று நடுங்கும் மனமுள்ளவர்கள் மூன்றாவது படிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒரே குருவிடம் போக வேண்டும், அவர் முடிந்தது என்று சொன்னதை மறுபடி கிளறக் கூடாது.

சொல் வரலாற்றில் ஒன்று கவனிக்கத் தக்கது. 1580-இல் அச்சான தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூலின் பெயரே ‘கொம்பெசியொனாயரு’, போர்த்துக்கீசியச் சொல் அப்படியே தமிழ் எழுத்தில். பிறகு வடமொழிச் சொற்கள் வந்தன. பாவசங்கீர்த்தனம் இன்று ஒப்புரவு அருளடையாளம். ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ மனத்துயர் செபம். இந்த மாற்றமும் தேவையாகத்தான் இருந்தது. மனஸ்தாபம் என்றால் இப்போது நம் ஊரில் இரு வீட்டாரின் மனக்கசப்பு, பாவத்துக்காக வருந்துவது அல்ல.

‘மனச்சான்று ஆய்வு’ என்பதும் வழக்கில் உள்ளது. சான்று சாட்சிக்கு நல்ல தமிழ். ஆனால் அதை ஒப்புரவுக்குப் போகுமுன் பத்துக் கட்டளைகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஒதுக்கிவைப்பது தெளிவு. ஜூலை 26 புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜம் திருத்தலத்துக்குப் புறப்படும் வாரத்தில் செய்வது அது. நன்றியில் தொடங்கும் தினசரிப் பழக்கத்துக்கு ‘ஆன்ம ஆய்வு’. ஆன்மாவும் வடசொல்தானே என்பவர்கள் ‘உள்ளாய்வு’ எனலாம், இலக்கணம் இடம் கொடுக்கும். கேட்பவர் கணக்குத் தணிக்கை என்று நினைக்காதபடி, கோவில் அறிவிப்பில் ‘இரவு உள்ளாய்வுச் செபம்’ என்று முழுதாக எழுதிவிட்டால் போதும்.