ஒட்டுப்பால் பந்து

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கலைக் கல்லூரிக்குப் போர்ட்ஃபோலியோ தயாரிக்க வந்த பையன் ஒருவன் இரண்டு வாரம் வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் சேர்த்து வைத்திருந்த படங்கள் எல்லாம் யாரோ வரைந்தவை.

"சின்னதுல எத வச்சு வெளையாடுன மக்களே?" என்றேன்.

"ஒட்டுப்பால் பந்து சார்."

ரப்பர் மரத்தில் வெட்டின இடத்தில் பால் வழிந்து காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும். அடுத்த வெட்டுக்கு முன் அதை உரித்தெடுப்பார்கள். பிள்ளைகள் அதை இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. கடையில் அதற்கும் விலை உண்டு என்பதால் தாத்தாவிடம் அடியும் உண்டு.

சரி, பந்தை வரையாதே, சுற்று என்றேன். பானை அளவுக்குச் சுற்றினான். அப்புறம் அவனாகவே ரம்பம் வைத்து இரண்டாக அறுத்தான். உள்ளே மர வளையங்கள் போல வளையம் வளையமாக, நடுவில் இன்னும் காயாத வெள்ளை. அந்த யோசனை போனிலிருந்து வரவில்லை, சுற்றின கையிலிருந்து வந்தது.

பால்ய நினைவு என்றதும் பலர் நுங்கு வண்டியை அழகாக வரைந்து தருகிறார்கள். அது காலண்டர் படம். கவட்டைக் கம்பைத் தள்ளும்போது சக்கரம் ஒருபக்கமாக இழுக்குமே, அதைப் பிடித்தால்தான் வேலை. பெல்ஜியக் கலைஞர் பிரான்சிஸ் அலீஸ் 1999 முதல் பல நாடுகளில் குழந்தைகளின் விளையாட்டுகளை வீடியோவாக எடுக்கிறார். முதலாவதில், மெக்சிகோ நகரில் ஒரு பையன் காலி பாட்டிலை மேட்டுத் தெருவில் உதைத்துக்கொண்டே ஏறுகிறான். பாட்டில் உருண்டு திரும்பி வரும், மறுபடி உதைப்பான். அவ்வளவுதான். அந்த வரிசைப் படங்கள்தான் 2022 வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பெல்ஜியம் அரங்கை நிறைத்தன.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கோட்டை ஸ்கேல் வைத்துத் திருத்தாதீர்கள். கடலில் சூரியன் உதிக்கும் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளும் அதை இரண்டு மலைகளுக்கு நடுவில்தான் வைக்கிறார்கள். அது நாம் திருத்தித் திருத்தி வந்த வினை. கிறுக்கின தாளின் பின்னால் தேதி போட்டு எடுத்து வையுங்கள். 1911இல் தன் படைப்புகளைப் பட்டியலிடத் தொடங்கிய ஓவியர் பால் கிளே (Paul Klee), சிறுவயதில் வரைந்த சிலவற்றையும் அதில் சேர்த்தார்.

பந்தின் ஒரு பாதி என் அலமாரியில் இருக்கிறது. நாற்றம் இன்னும் போகவில்லை. போன வாரம் வந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத வெளிய போடப்பிடாதா சார்?" என்றார். அவர் மகள் அதற்குள் அதைத் தரையில் எறிந்து, எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.