பழுத்த தக்காளியும் வெள்ளைத்தூளும்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் அதிகாலையில் நின்று பார்த்தால், ஒரே தோட்டத்தில் பறித்த காய்கள் இரண்டாகப் பிரிவதைக் காணலாம். தொலைவூர் லாரிக்கு ஏறுவது சிவக்கத் தொடங்கிய செங்காய். விரல் பட்டால் பதியும் அளவுக்குப் பழுத்தது அன்றைக்கே உள்ளூர் அடுப்புகளுக்குப் போய்விடும். இரண்டையும் வாங்கி வந்து ஒரே பக்குவத்தில் பருப்போடு வேகவைத்தால், பழுத்த தக்காளி போட்ட குழம்பின் ருசிதான் விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கும். இனிப்பும் புளிப்பும் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. தக்காளி பழுக்கப் பழுக்க அதனுள் குளுட்டமேட் என்னும் பொருள் பல மடங்கு பெருகுகிறது. நன்றாகப் பழுத்த 100 கிராம் தக்காளியில் அது ஏறத்தாழ 140 முதல் 250 மில்லிகிராம் வரை இருக்கிறது. பழத்தைக் குறுக்கே அறுத்தால் விதையைச் சூழ்ந்து வழியும் கூழில், வெளிச்சதையில் உள்ளதைவிட அது அதிகம். ஆகவே விதையையும் கூழையும் வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் வதக்குகிறவர்கள், ருசியின் பெரும்பங்கை எறிந்துவிடுகிறார்கள்.

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலையில் அடுப்பைப் பற்றவைக்கும் பாஸ்ட் புட் வண்டிகளில், சோயா சாஸ் புட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதிலிருந்து கரண்டி நுனியில் அள்ளி ப்ரைடு ரைசில் தூவப்படும் வெள்ளைத்தூளை நாம் அஜினமோட்டோ என்கிறோம். சிலர் டேஸ்ட் உப்பு என்பார்கள். அது மோனோசோடியம் குளுட்டமேட். தண்ணீரில் கரைந்ததும் சோடியமாகவும் குளுட்டமேட்டாகவும் பிரிந்துவிடும் இந்த உப்பின் குளுட்டமேட்டுக்கும் தக்காளியின் குளுட்டமேட்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் கிடையாது. நாக்கோ குடலோ இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அரைக் கிலோ பழுத்த தக்காளி சேர்த்த குழம்பில் ஏறக்குறைய 1 கிராம் குளுட்டமேட் இருக்கும் என்றால், அது கால் தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தூளுக்குச் சமம். இருந்தும் ஒன்றைக் குழந்தைக்கு ஊட்டுகிறோம், மற்றொன்றை நஞ்சு என்கிறோம். இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

குளுட்டமேட்டின் அமில வடிவமான குளுட்டாமிக் அமிலத்தை 1866இல் ஜெர்மானிய வேதியியலர் கார்ல் ரிட்ஹவுசன் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கும் ருசிக்கும் தொடர்பு உண்டு என்று கண்டவர், டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிகுனே இகெடா. ஜப்பானியர் கொம்பு என்னும் கடற்பாசியைக் காய்ச்சி எடுக்கும் சாற்றின் ருசி, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கில் எதிலும் அடங்கவில்லை என்பதை உணர்ந்து, 1908இல் அந்தச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது அஜி நோ மோட்டோ என்ற பெயரில் தூளாகக் கடைக்கு வந்தது. அஜி நோ மோட்டோ என்றால் ஜப்பானிய மொழியில் சுவையின் மூலம் என்று பொருள். நிறுவனத்தின் பெயர் நம் ஊரில் பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நம் அறுசுவைப் பட்டியலிலும் இந்தச் சுவைக்குத் தனி இடம் இல்லை. கார்ப்பும் துவர்ப்பும் உண்மையில் நாக்கின் சுவைமொட்டுகள் அறிபவை அல்ல. மிளகாயின் காரம் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. துவர்ப்பு, எச்சிலில் உள்ள புரதங்கள் திரிந்து வாய் வறளும் உணர்வு. உமாமிக்கோ அதைப் பிடித்து உணரும் தனி ஏற்பி சுவைமொட்டிலேயே இருக்கிறது. 2000 முதல் 2002 வரை வெளிவந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் இணைந்த அந்த ஏற்பியின் வடிவத்தைப் பாக்குவெட்டியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பாக்குவெட்டியின் மூட்டுக்கு அருகில் குளுட்டமேட் வந்து அமர்ந்ததும் இரண்டு கைகளும் நெருங்கி மூடிக்கொள்கின்றன. மூடியதும் உயிரணுவுக்குள் செய்தி போகிறது. ஆனால் அந்த மூடல் உறுதியானதல்ல, சற்று நேரத்தில் வாய் திறந்து குளுட்டமேட் நழுவிவிடும்.

இங்கேதான் இன்னொரு பொருள் வருகிறது. இகெடாவின் மாணவர் ஷிந்தாரோ கோடமா 1913இல் உலர்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற பொருளைக் கண்டறிந்தார். ஷிடாகே காளானில் இருக்கும் குவானிலேட்டின் சுவையை அகிரா குனினாகா 1957இல் கண்டறிந்தார். இவை பாக்குவெட்டியின் வாய்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மூடிய கைகள் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் கொஞ்சம் குளுட்டமேட்டும் கொஞ்சம் இனோசினேட்டும் சேர்ந்தால், இரண்டையும் தனித்தனியே கூட்டிய அளவைவிடப் பல மடங்கு சுவை தெரிகிறது. ஒகேனக்கல்லில் ஆற்றுமீனைக் கண்ணெதிரே வெட்டி, தக்காளியை நிறையப் பிழிந்து விட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு அவ்வளவு ருசிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். மீன் இறந்த சில மணி நேரத்தில் அதன் தசையில் இருந்த ஆற்றல் மூலக்கூறு சிதைந்து இனோசினேட்டாக மாறுகிறது. தக்காளி குளுட்டமேட்டைத் தருகிறது. நாட்டுக்கோழிக் குழம்பிலும் நடப்பது இதுவே. பாக்கெட் சிப்சின் பின்புறத்தில் இந்தத் தூளைக் குறிக்கும் 621 என்ற எண்ணோடு 627, 631 அல்லது 635 என்று இருந்தால், அதே கூட்டணியைத் தூளாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு பொருளில் புரதம் நிறைய இருப்பதால் மட்டும் இந்தச் சுவை வந்துவிடாது. துவரையிலும் அவரைக்கொட்டையிலும் குளுட்டாமிக் அமிலம் ஏராளம். ஆனால் அது புரதத்தின் கண்ணிகளான மற்ற அமினோ அமிலங்களோடு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஏற்பிக்குள் நுழைய முடியாது. சங்கிலி அறுந்து தனியாக விடுபட்டால்தான் நாக்குக்குத் தெரியும். பழுப்பதும் புளிப்பதும் நொதிப்பதும் அந்த அறுக்கும் வேலையைச் செய்கின்றன.

தொடக்கத்தில் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்துத்தான் இந்தத் தூளைச் செய்தார்கள். 1956இல் ஜப்பானில் ஷுகுவோ கினோஷிதாவின் குழு, சர்க்கரையைத் தின்று குளுட்டமேட்டை வெளியே கொட்டும் ஒரு மண் நுண்ணுயிரியைக் கண்டறிந்த பிறகு முறையே மாறிவிட்டது. கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம் என்பது அதன் பெயர். இன்றைய மூலப்பொருள்கள் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மிகவும் பழக்கமானவை: பாலக்கோடு போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு எனப்படும் மொலாசஸ், அல்லது மரவள்ளிக்கிழங்கு மாவு, அல்லது மக்காச்சோளம். பெரிய தொட்டியில் இந்தப் பாகையும் அம்மோனியாவையும் காற்றையும் கொடுத்தால், நுண்ணுயிரி சர்க்கரையை உடைக்கும் வழியில் பிறக்கும் ஓர் இடைப்பொருளோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளுட்டமேட் ஆக்குகிறது. சாதாரணமாக எந்த உயிரும் இதைத் தன் தேவைக்கு மேல் வெளியே விடாது. இந்த நுண்ணுயிரிக்குப் பயோட்டின் என்ற வைட்டமினைக் குறைவாகக் கொடுத்தால் அதன் உறை பலவீனப்பட்டு, உள்ளே சேர்ந்த குளுட்டமேட் வெளியேறத் தொடங்குகிறது. தன்னுள் குறைந்துவிட்டதே என்று அது மேலும் மேலும் செய்துகொண்டே இருக்கிறது. மொலாசசில் பயோட்டின் மிகுதி என்பதால், அங்கே உறையைப் பலவீனப்படுத்த வேறு பொருள்களைச் சேர்க்கிறார்கள். பிறகு நீரை வடித்து, அமிலம் சேர்த்துப் படிகமாக வீழ்த்தி, சோடியம் சேர்த்து நடுநிலையாக்கி, கரியில் வடிகட்டி வெளுக்கிறார்கள். இட்லி மாவு புளிப்பதும் தயிர் உறைவதும் நொதித்தல் என்றால் இதுவும் நொதித்தலே. இரசாயனம் என்ற ஒற்றைச் சொல்லால் இதைத் தள்ளிவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அச்சம் 1968இல் தொடங்கியது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஹோ மான் குவோக், சீன உணவகங்களில் சாப்பிட்டபின் தமக்குக் கழுத்து மரத்துப்போவதும் படபடப்பும் ஏற்படுவதாக ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். காரணம் சோயா சாசாக இருக்கலாம், சமையலில் சேர்க்கும் மதுவாக இருக்கலாம், இந்த உப்பாகவும் இருக்கலாம் என்றார். அவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி, பிறந்த எலிக்குஞ்சுகளின் தோலுக்கடியில் இதைச் செலுத்தியபோது மூளையில் சிதைவு உண்டானதைக் காட்டினார். அந்த ஆய்வு பொய்யல்ல. ஆனால் அவர் செலுத்திய அளவு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.5 முதல் 4 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைக் கணக்கிட்டால், 30 முதல் 240 கிராம் தூளை ஊசிவழி ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

வாய்வழியாகப் போகும் குளுட்டமேட்டின் பாதை வேறு. மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் முக்கியப் பொருளே குளுட்டமேட் என்பதால், தின்றால் மூளைக்கு ஏறிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சிறுகுடலின் சுவர் உயிரணுக்களே உணவுக் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைத் தம் எரிபொருளாக எரித்துவிடுகின்றன. எஞ்சியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கையாள்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பும் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. நாம் உண்ணும் புரதங்களிலிருந்தே ஒரு நாளைக்கு 13 கிராம் அளவுக்குக் குளுட்டமேட் உடலுக்குள் போகிறது. தாய்ப்பாலில் தனி நிலையில் இருக்கும் அமினோ அமிலங்களில் குளுட்டமேட்டே முதலிடம். பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. பிறந்த குழந்தை முதலில் அறியும் சுவைகளில் இதுவும் ஒன்று.

தங்களுக்கு இது ஒவ்வாது என்று சொன்ன 130 பேரை வைத்து, எது உண்மைத் தூள் எது போலி என்று தருபவருக்கும் பெறுபவருக்கும் தெரியாத முறையில் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. வெறும் வயிற்றில் 5 கிராம் கொடுத்தபோது சிலருக்குத் தலைவலி போன்ற அறிகுறிகள் போலியைவிட அதிகமாகத் தோன்றின. ஆனால் அதே ஆளுக்கு மீண்டும் கொடுத்தபோது அவை சீராகத் திரும்பவில்லை, உணவோடு கொடுத்தபோதும் நிலைக்கவில்லை. ஆகவே அதிக அளவில் உணவின்றி உட்கொண்டால் சிலருக்குத் தற்காலிக அசௌகரியம் வரலாம் என்பதை மறுக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த கூட்டு நிபுணர் குழு 1987இல் இதற்கு உச்ச அளவு குறிப்பிடத் தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் கூடுதல் எச்சரிக்கையோடு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பிட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.8 கிராம். இந்தியாவின் 2011ஆம் ஆண்டு விதிகள், இதைச் சேர்த்த பாக்கெட்டில் அதைச் சொல்லவும், 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிடவும் பணித்தன. பச்சிளம் குழந்தைக்கு உப்பே வேண்டாம் என்னும்போது இந்த உப்பும் வேண்டாம் என்பது சரிதான்.

தள்ளுவண்டி உணவில் நான் அஞ்சுவது வேறு: திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும், சாசும் சமையல் உப்பும் சேர்ந்து ஏற்றும் சோடியமும். சமையல் உப்பில் சோடியம் 39 விழுக்காடு, இந்தத் தூளில் 12 விழுக்காடு மட்டுமே. எனவே உப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஒரு சிட்டிகை தூள் சேர்த்தால் ருசி குறையாமல் சோடியம் குறையும். இரத்தக் கொதிப்பு உள்ள வீடுகளில் இது மெய்யான பயன். உப்பைக் குறைக்காமல் இதையும் கொட்டினால் கூடுமே ஒழியக் குறையாது.

பயன்படுத்தும் அளவு, உணவின் எடையில் 0.1 முதல் 0.8 விழுக்காடு வரை. ஒரு கிலோ குழம்புக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. மிஞ்சினால் வாயே ஏற்காது. உப்பில்லாத பண்டத்திலும் இனிப்பிலும் இது எடுபடாது. புளி ரசத்திலும் வீண்தான்: அமிலம் கூடக் கூடக் குளுட்டமேட் குளுட்டாமிக் அமிலமாகத் திரும்பிவிடுகிறது, அமிலம் கூடினால் குறையும் பிஎச் அளவு ஏறத்தாழ 4.2க்கு வரும்போது பாதி அப்படி மாறிவிடும், அதன் சுவை மங்கல். பருப்பு, கீரைக் கடைசல், காளான், முட்டைப் பொரியல் போன்ற புளிப்பில்லாதவற்றில்தான் அது நன்றாக வேலை செய்கிறது.

களிக்குத் தொட்டுக்கொள்ள என் பெரியம்மா தக்காளியே போடாமல் அவரைக்கொட்டைக் குழம்பு வைப்பார். "அந்த வெள்ளத்தூள் நம்ம ஊட்டு அடுப்புக்கு ஆவாது கண்ணு" என்பவர் அவர். ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டு, உப்பு போடாத குழம்பை இரண்டு டம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் வழக்கமான உப்பையும் மற்றொன்றில் குறைத்த உப்போடு ஒரு சிட்டிகை தூளையும் கரைத்து, எது எதுவென்று சொல்லாமல் நீட்டினேன். முதலாவதைக் குடித்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டாவதை ஒரு மிடறு குடித்து, சற்று நேரம் நாக்கைச் சப்பியபடி இருந்துவிட்டுக் கேட்டார்: "இதுல மட்டும் பழுத்த தக்காளியத் தனியா வதக்கி ஊத்துனியா கண்ணு?"