வானவில் மன்றம்: யாருக்கு, என்ன கிடைக்கும், எங்கே கேட்பது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ‘வானவில் மன்றம்’ என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். பேச்சுப்போட்டி நடத்தும் மன்றம் போல இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அறிவியலையும் கணிதத்தையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்துப் படிப்பதற்கான பள்ளிக் கல்வித் துறையின் திட்டம் இது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அப்போது 13,210 அரசுப் பள்ளிகள் இதில் சேர்க்கப்பட்டன. ‘எங்கும் அறிவியல், யாவும் கணிதம்’ என்பது திட்டத்தின் முழக்கம்.

இதற்கு விண்ணப்பம் கிடையாது, கட்டணமும் கிடையாது. பள்ளி திட்டத்தில் இருந்தால், அந்த மூன்று வகுப்புப் பிள்ளைகளும் தானாகவே அதில் சேர்ந்துவிடுவார்கள். தனியார் பள்ளிகளுக்கு இது வராது.

நடைமுறை இப்படி. கருத்தாளர் என்று அழைக்கப்படும் பயிற்சி பெற்ற ஒருவர், சோதனைக்கான பொருள்களோடு பள்ளிக்கு வருவார். பாடத்தோடு ஒட்டிய சோதனைகளை அறிவியல், கணித ஆசிரியர்களோடு சேர்ந்து செய்ய வைப்பார். ‘நடமாடும் அறிவியல் ஆய்வகம்’ என்று பேப்பர்களில் வந்தது இதுதான். பொருள்கள் பெரும்பாலும் எளிமையானவை. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாது.

கணிதத்தில் என்ன சோதனை இருக்க முடியும் என்று பலர் கேட்கிறார்கள். எந்த வகுப்பறையிலும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஆளுக்கொரு டப்பா மூடி, கொஞ்சம் நூல். மூடியின் விளிம்பைச் சுற்றி நூலை ஒரு சுற்று இழுத்துப் பிடித்து வெட்ட வேண்டும். அப்புறம் அதே நூலை மூடியின் குறுக்கே, நடுப்புள்ளி வழியாக வைத்து எத்தனை முறை போகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று முறை போகும். கடைசியில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சும். பக்கத்தில் இருப்பவள் பெரிய மூடி வைத்திருப்பாள். அவளுக்கும் மூன்று முறை, அவளுக்கும் ஒரு துண்டு மிச்சம். மிஞ்சிய துண்டு குறுக்களவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இருக்கும். 22/7 எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. நூலைத் தளர்வாகப் பிடித்தவனுக்கு விடை கொஞ்சம் தள்ளிப் போகும். அதுவும் நல்லதுதான், அளவைப் பிழை என்றால் என்ன என்று அன்றைக்கே பேசிவிடலாம்.

இனி கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திட்டம் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட கருத்தாளர்கள் 710 பேர். 13,210 பள்ளிகளை அவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள். விடுமுறை நாள்களைக் கழித்துப் பார்த்தால், ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறை வருவதே பெரிய விஷயம். அதனால் கருத்தாளர் வரும் நாளை மட்டும் வைத்து இந்தத் திட்டத்தை எடைபோட முடியாது. மற்ற நாள்களில் ஆசிரியர் தொடர்ந்து செய்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் பார்வையில் திட்டத்தின் பலவீனமான இடமும் இதுதான். ஒருவர் முன்னால் நின்று செய்துகாட்ட, நாற்பது பேர் எட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினால், அது பழைய பாடமேதான். சாயங்காலம் பிள்ளையிடம் “இன்னைக்கு என்ன பார்த்தே?” என்று கேட்காமல், “நீ என்ன செஞ்சே?” என்று கேட்டுப் பாருங்கள். நிலவரம் தெரிந்துவிடும்.

செய்முறையே நடக்கவில்லை என்றால் கேட்க இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 29-ஆவது பிரிவைப் பாருங்கள். தொடக்கக் கல்விக்கான, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்குமான பாடத்திட்டத்தை வகுக்கும் அமைப்பு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அறிவியல், கணிதத்துக்கென்று குறைந்தது ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. இதைப் பேசுவதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். முதலில் தலைமையாசிரியரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: போன முறை கருத்தாளர் எப்போது வந்தார், சோதனைப் பொருள்கள் எங்கே இருக்கின்றன? பல பள்ளிகளில் பொருள்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். உடைந்தால் பரவாயில்லை என்று குழுவே ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் ஆசிரியருக்கும் நிம்மதி.

எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர் மானக்’ விருது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை இருந்தது, பிறகு பிளஸ் டூ வரை நீட்டிக்கப்பட்டது. தனியார் பள்ளி மாணவர்களும் இதில் சேரலாம். மாணவரின் சொந்த யோசனையைப் பள்ளிதான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். கண்காட்சிகளில் வருடா வருடம் வரும் எரிமலை மாடல் இங்கே எடுபடாது. வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைக்குப் பெயர் பதிவதற்கு முன்பே அதைத் தொடங்கி வைத்துவிடுங்கள். பெயர் எழுத்துகள் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.